வண்டி மையும் ரப்பர் வளையமும்



என் மேசைமீது ஒரு கறுப்பு ரப்பர்த் துண்டு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவினது. நடுவே ஒரு துளையும் ஒரு பக்கத்தில் ஒரு பிளவும் உடையது. துளை வட்டமாக இருக்க வேண்டும். இப்போது அது நீண்டு கோணிக் கிடக்கிறது. ரப்பரோ ஊதிப்போய், நகம் பட்டால் பிசின்போல் ஒட்டுகிறது. பழைய சாமான் வாங்குபவர்கூட இதனை ஏறெடுத்துப் பாரார். ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற எனக்கு, ஓய்வுக்குப் பின் ஒரு பாடம் கற்பித்த ஆசிரியர் இத்துண்டே. அப்பாடத்தை உங்களுடன் பகிர்ந்துகொள்வதே இப்பேச்சின் நோக்கம்.

என் ஊர் புதுவையைச் சார்ந்த பாகூர்க் கொம்யூனில் உள்ள ஒரு சிற்றூர். பாகூர் என்றதும் வரலாற்று மாணவர்களுக்கு 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள் நினைவுக்கு வரும். இவ்வூரில் இருந்த ஒரு வித்தியாஸ்தானத்திற்கு, அதாவது கல்விக்கழகத்திற்கு, மூன்று ஊர்கள் வழங்கப்பட்ட செய்தியை அவை கூறுகின்றன. உழவர்களுக்கோ பாகூர் என்றால் ஏரியும், அதற்குத் தென்பெண்ணையாற்று நீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலுமே முதலில் நினைவுக்கு வரும். என் தம்பி அவ்வாறான உழவர். வாழைத்தார்களையும் காய்கறிகளையும் புதுவைச் சந்தைக்கு ஏற்றிச் செல்ல அவரிடம் பழைய பிக்கப் வண்டி ஒன்று உண்டு. அதை ஓட்டுபவன் அவருடைய மகன். என்னைப் பெரியப்பா என்று அழைப்பவன்.

சில மாதங்களுக்கு முன் அவ்வண்டியின் முன்புறத்திலிருந்து ஓர் ஓசை எழலாயிற்று. பள்ளம் மேடுகளில் ‘டக் டக்’ என்று தட்டும்; திருப்பங்களில் கிறீச்சிடும். நான் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தேன். இரும்புக் கம்பி ஒன்று ஒரு கறுப்பு வளையத்தினுள் உரசிக்கொண்டிருந்தது. எனக்கு உடனே என் தந்தையாரின் மாட்டுவண்டி நினைவுக்கு வந்தது. அந்த வண்டியின் பின்புறத்தில் ஒரு மூங்கிற் குழாய் தொங்கும். வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை அதில் இருக்கும். அச்சு கிறீச்சிட்டால் தந்தையார் கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்து, அந்த மையைத் தடவுவார், ஓசை அடங்கிவிடும். ‘ஓசை எழுந்தால் எண்ணெய் கேட்கிறது என்று பொருள்’ என்பது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நானும் அவ்வாறே செய்தேன். வண்டியிலிருந்து வடித்து வைத்திருந்த பழைய எஞ்சின் ஆயிலை எடுத்து, அவ்வளையங்களின் மீது தாராளமாக ஊற்றினேன். ஓசை அடங்கியது. எனக்குப் பெருமை. வாரம் ஒருமுறை இதைச் செய்யுமாறு தம்பி மகனுக்கும் சொல்லி வைத்தேன். அவனும் தட்டாமல் செய்தான்.

இரண்டு மாதங்கள் சென்றன. ஒரு நாள் விடியற்காலையில் வாழைத்தார் ஏற்றிச் சென்ற வண்டி, ஏரிக்கரைச் சாலையின் திருப்பத்தில் ஒரு பக்கமாக மிகச் சாய்ந்தது. தார்கள் சரிந்தன. முன்சக்கரம் ஒன்று கரையின் விளிம்பை விட்டு இறங்கியது. நல்வேளையாக அங்கே நின்ற ஒரு பனைமரம் தாங்கிக்கொண்டது. பையனுக்குக் காயம் இல்லை. பாதித் தார்கள் வாய்க்காலில் போயின. செய்தி கேட்டு ஓடிய நான், அங்கே கூடியிருந்த ஊரார் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டேன். ‘இளமையின் வேகம், வேறென்ன காரணம் இருக்க முடியும்?’ என்றேன். ‘பெரியப்பா, நான் மெதுவாகத்தான் வந்தேன். வண்டிதான் திடீரென்று படுத்தது’ என்றான் அவன். நான் நம்பவில்லை. மறுநாள் அவன் வண்டிச் சாவியைத் தன் தந்தையிடம் கொடுத்துவிட்டான். பத்து நாட்கள் வண்டி வாசலிலேயே நின்றது. அவன் என்னிடம் பேசுவதையும் நிறுத்திக்கொண்டான்.

பின்னர் நானும் தம்பியும் அவ்வண்டியை மெல்ல ஓட்டி, வில்லியனூரில் உள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றோம். மெக்கானிக் நடுவயதினர். வண்டியின் அடியில் படுத்து, ஒரு நெம்புகோலால் அக்கம்பியை அசைத்துப் பார்த்தார். அது வளையத்தினுள் தாராளமாக ஆடியது. அவர் வெளியே வந்து துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, ‘ஐயா, ஸ்டெபிலைசர் பார் புஷ் இரண்டும் போய்விட்டன. அதிருக்கட்டும்; இதில் யார் ஆயில் ஊற்றியது?’ என்று கேட்டார்.

மாணவர்களே, வகுப்பறையில் எத்தனையோ வினாக்களை எழுப்பியவன் நான். அந்த ஒரு வினாவிற்கு விடை கூற என் நா எழவில்லை.

அன்றிலிருந்து இந்தச் சிறு வளையத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். அது நம் ஊர் மாட்டுவண்டியில் தொடங்கி, பாரிசுக்கும் கனடாவுக்கும் மலேயாவுக்கும் சென்று, மீண்டும் நம் ஊருக்கே வந்து சேர்கிறது. அதனைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

மாட்டுவண்டிக்கு வில் இல்லை. அச்சின்மேல் நேராகப் பார் அமர்ந்திருக்கும். சாலையின் ஒவ்வொரு கல்லும் வண்டியில் இருப்பவரின் முதுகெலும்பைத் தட்டிச் செல்லும். ஆனால் அதில் ஒரு நன்மையும் உண்டு. வில் இல்லாத வண்டி, சக்கரம் நிற்கும் நிலையிலேயே தானும் நிற்கும். திருப்பத்தில் தனியே ஒரு பக்கமாகப் படுக்காது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரை நீங்கள் பார்த்திருக்கலாம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து வடம் பிடித்த தேர் அது. இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் மரபு தொடர்கிறது. அவ்வளவு உயரமான தேர்களையும் வில்லின்றி, முட்டுக்கட்டைகளைக் கொண்டே திருப்பியும் நிறுத்தியும் நடத்துகிறார்கள். ஆள் நடக்கும் வேகத்தில் செல்லும் ஊர்திக்கு அதுவே போதும்.

வேகம் மிகுந்தபோது அது போதவில்லை. 1804ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர், எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நீள்வட்ட வில்லை வண்டிகளில் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிகள் மென்மையாகச் சென்றன. இன்றும் சுமை வண்டிகளின் பின்புறத்தில் நாம் காணும் பட்டைகள் அந்த வில்லின் வழிவந்தவையே. ஆனால் வில் வந்தவுடன் புதியதொரு குறையும் வந்தது. முன்பு குலுங்கிய வண்டி இப்போது சாய்ந்தது. வலப்புறம் திரும்பினால் உடல் இடப்புறம் சாயும்; இடப்பக்க வில் அமுங்கும், வலப்பக்க வில் நிமிரும். வில் எவ்வளவு மென்மையோ, சாய்வும் அவ்வளவு மிகுதி.

இதற்கிடையில் சக்கரமும் மாறியது. காற்றடைத்த டயருக்கு 1845ஆம் ஆண்டிலேயே இராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை பெற்றார். உலகம் அதனை மறந்தது. 1888இல் பெல்பாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்டு டன்லப் மீண்டும் அதனைக் கண்டார். 1895இல் பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில், பிரான்சு நாட்டு மிஷலின் உடன்பிறப்புகள் காற்று டயர் பூட்டிய மோட்டார் வண்டியை ஓட்டிக் காட்டினர். நம் சிற்றூர்களில் மரச்சக்கரத்தை எடுத்துவிட்டுக் காற்று டயர் பூட்டிய மாட்டுவண்டிகளை ‘டயர் வண்டி’ என்று வழங்கியது பெரியோர்களுக்கு நினைவிருக்கும். டயர் வந்ததும் வேகம் கூடியது. வேகம் கூடியதும் திருப்பத்தின் சாய்வும் கூடியது.

அச்சாய்வை அடக்க ஒரு வழியைக் கண்டவர் கனடா நாட்டில் பிரெடரிக்டன் நகரத்தவரான ஸ்டீபன் கோல்மன். 1919ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வழி மிக எளியது. எஃகுக் கம்பி ஒன்றைப் பகரம்போல் இரு முனைகளிலும் வளைத்தல் வேண்டும். ஒரு முனையை இடச்சக்கரத்தின் தாங்கியோடும், மறு முனையை வலச்சக்கரத்தின் தாங்கியோடும் இணைத்தல் வேண்டும். நடுப்பகுதியை வண்டியின் அடிச்சட்டமாகிய சேசிஸில் இரண்டு இடங்களில் பிடித்துவைத்தல் வேண்டும். அவ்வளவே. இதனையே நம் பட்டறைகளில் ஸ்டெபிலைசர் பார் என்கிறார்கள்.

அது எவ்வாறு வேலை செய்கிறது? இரு சக்கரங்களும் ஒருசேர மேட்டில் ஏறினால், கம்பி தன் பிடிகளுக்குள் சுழன்றுகொடுக்கும், தடை செய்யாது. ஒரு சக்கரம் மட்டும் ஏறினால், அல்லது வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், கம்பியின் ஒரு முனை மேலும் மறு முனை கீழுமாகக் கம்பி முறுக்கேறும். முறுக்கேறிய எஃகு மீண்டும் நேராக முயலும். அம்முயற்சி வண்டியின் உடலை நிமிர்த்துகிறது. இதன் வலிமை கம்பியின் பருமனைப் பொறுத்தது. பருமனின் நான்காம் அடுக்கிற்கேற்ப வளர்வது. 20 மில்லிமீட்டர்க் கம்பியை 22 மில்லிமீட்டராக மாற்றினால், பருமன் நூற்றுக்குப் பத்தே கூடுகிறது. ஆனால் முறுக்கத்தை எதிர்க்கும் வலிமை ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்தாறு கூடிவிடுகிறது. 1.1 என்னும் எண்ணை நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். விடை உங்களுக்கே கிடைக்கும். அதற்காக எவ்வளவு தடித்த கம்பியும் நன்று என்று கருதிவிடாதீர்கள். கம்பி தடித்தால் ஒரு பக்கத்துப் பள்ளத்தின் அதிர்ச்சி மறு பக்கத்திற்கும் தாவும். ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் அளவு உண்டு.

1930களில் முன்சக்கரங்களைத் தனித்தனியே தாங்கும் அமைப்புகள் பெருகின. 1934இல் வெளிவந்த சித்ரோயன் டிராக்ஸியோன் அவான் என்னும் பிரெஞ்சுக் காரில் முன்சக்கரங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனி முறுக்குக் கம்பியே தாங்கியது. வில்கள் மென்மையாக ஆக, சாய்வைத் தடுக்கும் கம்பியின் தேவையும் பெருகியது. சுமை ஏற்றும் சிறு வண்டியின் கதை தனி. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1925இல் தன் டி வகைக் காரில் பின்புறத் தொட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்றது. நம் நாட்டில் டாடா நிறுவனம் 1988இல் டாடாமொபைல் 206 என்னும் பிக்கப்பை வெளியிட்டது. இன்று பாகூரிலும் வில்லியனூரிலும் முன்பு மாட்டுவண்டி செய்த வேலையை இவ்வகை வண்டிகளே செய்கின்றன.

இப்போது நம் ரப்பர் வளையத்திற்கு வருவோம். எஃகுக் கம்பியை எஃகுச் சட்டத்தில் எஃகுக் கவ்வியால் பிடித்தால் என்ன ஆகும்? இரும்பும் இரும்பும் உரசும், தட்டும், தேயும். தளர்வாகப் பிடித்தால் கம்பி ஆடும். இறுக்கிப் பிடித்தால் சுழலாது. இறுக்கமும் வேண்டும், இணக்கமும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தரும் பொருள் ரப்பர். அதனால்தான் கம்பிக்கும் கவ்விக்கும் இடையே ரப்பர் வளையம் வைத்தனர். இதுவே புஷ். இவ்வகை ரப்பர் இணைப்புகளுக்குப் பிரெஞ்சு மொழியில் ‘சிலான்பிளாக்’ என்று பெயர். முதலில் அது ஒரு வணிகப் பெயர். பின்னர்ப் பொதுச் சொல்லாயிற்று. நம் மெக்கானிக்குகளும் சிலவகை புஷ்களைச் ‘சைலன்ட் பிளாக்’ என்று சொல்லக் கேட்கலாம். ஓசையை அடக்குவது என்பதே அதன் பொருள்.

ரப்பரைப் பற்றி ஐரோப்பிய அறிஞர்களுக்கு முதன்முதலில் விரிவாகச் சொன்னவர்களுள் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் லா கொண்டமின். அவர் தென்னமெரிக்காவிலிருந்து 1736இல் பாரிசு அறிவியற் கழகத்திற்கு அதன் மாதிரிகளை அனுப்பினார். அந்நாட்டு மக்கள் வழங்கிய சொல்லிலிருந்தே ‘கவுச்சு’ என்னும் பிரெஞ்சுச் சொல் பிறந்தது. 1770இல் ஆங்கிலேய அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி, பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்க இப்பொருள் உதவுவதைக் குறிப்பிட்டார். ‘தேய்ப்பது’ என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ரப்பர் என்ற பெயர் நிலைத்தது. ஆனால் அன்றைய ரப்பர் வெயிலில் உருகும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்குவதைக் கண்டார். ரப்பரின் நீண்ட மூலக்கூறு இழைகளைக் கந்தகம் ஆங்காங்கே குறுக்கே பிணைத்துவிடுகிறது. அதனால் அது இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய உருவை அடைகிறது.

ரப்பர் மரம் பிரேசில் நாட்டுக்குரியது. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்கு அருகில் உள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அவற்றுள் மிகச் சிறு பங்கே முளைத்தது. முளைத்த கன்றுகளிற் பெரும்பாலானவை அதே ஆண்டில் இலங்கைக்கு வந்தன. அங்கே கம்பகாவில் உள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் சென்றன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக மலேயாக் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின.

இது வரையில் நான் சொன்ன பெயர்களைப் பாருங்கள். எலியட், டன்லப், கோல்மன், குட்இயர், ரிட்லி. பாடநூல்களில் நாம் படிக்கும் பெயர்கள் இத்தகையனவே. ஆனால் அந்தத் தோட்டங்களில் பால் எடுத்தவர் யார்? பெரும்பகுதியினர் தமிழர். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர்; 1910இல் அம்முறை மலேயாவில் நிறுத்தப்பட்டது. பின்னர்க் கங்காணிமார் ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்தனர். 1938இல் இந்திய அரசு அவ்வகைக் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதுவரையில் சென்றவர்கள் பல இலட்சம் பேர்.

அவர்களுடைய நாள் இருளில் தொடங்கும். வெயில் ஏறுமுன் மரத்தில் பால் நன்கு சுரக்கும். ஆகவே விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு, மரம் மரமாகச் சென்று பட்டையைச் சீவுதல் வேண்டும். சற்று ஆழமாகக் கத்தி பட்டால் மரத்திற்குக் காயம். சற்று மேலாகப் பட்டால் பால் இல்லை. ஒரு மில்லிமீட்டர் அளவில் கையை நிறுத்தத் தெரிந்தவர்களைக் கல்லாதவர் என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? இரண்டாம் உலகப்போரில் சப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு இருப்புப்பாதை அமைத்தபோது, அத்தோட்டத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு சென்றனர். காலராவிலும் பட்டினியிலும் மாண்டோர் பலர். எங்கள் குடும்பத்திலும், என் தந்தையாரின் சிற்றப்பா ஒருவர் இளமையிலேயே பினாங்குக் கப்பலேறினார். சில ஆண்டுகள் கடிதம் வந்ததாம். போருக்குப் பின் வரவில்லை. வீட்டில் அவர் படம்கூட இல்லை. நான் எத்தனையோ ஆண்டுகள் இரண்டாம் உலகப்போரைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஒரு முறையேனும் அவரைப் பற்றி வகுப்பில் சொன்னதில்லை. வரலாறு என்பது வேறு யாருக்கோ நிகழ்ந்தது என்று எண்ணிவிட்டேன் போலும்!

நம் நாட்டில் 1902ஆம் ஆண்டில் கேரளத்துத் தட்டேக்காட்டில் வணிக நோக்கிலான ரப்பர்த் தோட்டம் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டம் ரப்பருக்குப் பெயர் பெற்றது. 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் பலூன் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து எம்.ஆர்.எப். என்னும் டயர் நிறுவனமாயிற்று. அந்நிறுவனத்தின் ஆலைகளுள் ஒன்று எங்கள் பாகூருக்கு அண்மையில், நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஏரிப்பாக்கத்தில் இருக்கிறது. உலகைச் சுற்றிய ரப்பர், கடைசியில் எங்கள் வயல்வெளிக்கே வந்து சேர்ந்துவிட்டது.

இனி வில்லியனூர்ப் பட்டறைக்குத் திரும்புவோம். மெக்கானிக் எனக்கு விளக்கிய செய்தி இது. ரப்பரும் பெட்ரோலிய எண்ணெயும் வேதியியல் முறையில் நெருங்கிய உறவினர். இரண்டும் ஐதரோகார்பன் வகையைச் சேர்ந்தவை. ஆதலின் எஞ்சின் ஆயில் இயற்கை ரப்பரின் இழைகளுக்கிடையே புகுந்துவிடும். ரப்பர் ஊதும், இளகும், பிடிப்பை இழக்கும். நான் ஆயில் ஊற்றியபோது ஓசை அடங்கியது உண்மை. ஆனால் அது நோய் தீர்ந்ததால் அன்று, வளையம் இளகிப்போனதால்தான். பிடி தளர்ந்ததும் கம்பி முறுக்கேறுவதற்கு முன் தன் இடத்திலேயே ஆடத் தொடங்கியது. வண்டி சாயும்போது அதனை உடனே தாங்க வேண்டிய கம்பி, தாமதித்துத் தாங்கியது.

இன்னொன்றையும் பின்னர்ப் படித்தறிந்தேன். விளக்கெண்ணெய் இயற்கை ரப்பரை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. தொடக்ககால மோட்டார் வண்டிகளின் நீர்ம பிரேக்குகளில் ரப்பர் வளையங்களோடு விளக்கெண்ணெய்க் கலவையைப் பயன்படுத்தியதுண்டு. என் தந்தையாரின் மூங்கிற் குழாயில் இருந்த மையை நான் தடவியிருந்தால்கூட இவ்வளவு தீங்கு நேர்ந்திராது. அவருடைய சொல்லை நினைவில் வைத்துக்கொண்டேன்; அவர் எந்த எண்ணெயை, எதன்மேல், ஏன் தடவினார் என்பதை மறந்துவிட்டேன். முன்னோர் அறிவை அரைகுறையாகப் பெற்றவன் செய்யும் பிழை இதுதான்.

புதிய வளையங்களைப் பொருத்திய முறையையும் கூறிவிடுகிறேன். தொழிற்கல்வி பயிலும் மாணவர்களுக்குப் பயன்படும். முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கைப்பிரேக் இட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் உயர்த்தினால் கம்பி முறுக்கேறிவிடும்; போல்ட்டைக் கழற்றும்போது கம்பி துள்ளிக் கையைத் தாக்கக்கூடும். ஆகவே இரு முன்சக்கரங்களும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி செய்தார். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் வண்டியின் அடியில் படுத்தல் ஆகாது என்றும் வற்புறுத்திச் சொன்னார். பின்னர்க் கவ்வியின் துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றினார். பழைய வளையத்தின் பிளவு எந்தத் திசையை நோக்கி இருந்தது என்பதைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, அதனை விரித்து எடுத்தார். கம்பியில் ஒட்டியிருந்த ஆயிலையும் துருவையும் கம்பிப் பிரஷ்ஷாலும் சோப்பு நீராலும் நீக்கினார். கம்பியின் பருமனை அளந்து, அதற்கேற்ற துளையுடைய வளையத்தைத் தேர்ந்தெடுத்தார். துளை பெரிதானால் ஆடும். சிறிதானால் கவ்வி அமராது. சோப்பு நீரைச் சற்றே தடவி வளையத்தை ஏற்றி, கவ்வியை மூடி, போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கினார். சக்கரங்கள் தரையில் முழுச் சுமையோடு நின்ற பின்னரே ஸ்பேனரால் இறுதியாக இறுக்கினார். ஒரு பக்கம் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், இரு பக்கமும் ஒருசேர மாற்றுவதே முறை என்றார். எல்லாம் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தது. செலவு, வாய்க்காலில் போன தார்களின் விலையில் ஒரு சிறு பங்கே.

புறப்படும்போது நான் அவரை நோக்கி, ‘தம்பி, வண்டி சாய்ந்ததற்கு இதுதான் காரணமா? வேகம் இல்லையா?’ என்று கேட்டேன். அவர் சிந்தித்து விடை கூறினார். ‘ஒரே காரணம் என்று சொல்ல முடியாது ஐயா. தார் உயரமாக அடுக்கியிருப்பீர்கள். கரைச் சாலையும் சரிவு. ஆனால் இந்த புஷ் நன்றாக இருந்திருந்தால், வண்டி சாயத் தொடங்கும்போதே பையனுக்குத் தெரிந்திருக்கும். இது கெட்டிருந்ததால், அவனுக்குத் தெரியும்முன் பாதி சாய்ந்துவிட்டது. வேகமாக வந்திருந்தால் பனைமரத்தோடு நின்றிருக்காது.’

மாணவர்களே, அவர் என்ன செய்தார் என்று கவனித்தீர்களா? ஒரு நிகழ்ச்சிக்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்றார். ஒவ்வொன்றையும் எடைபோட்டார். எஞ்சி நிற்கும் தடயத்தைக் கொண்டு ஒன்றை விலக்கினார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு வரலாற்று ஆராய்ச்சி முறை என்று சொல்லிக்கொடுத்தது இதைத்தானே? நான் அதனைப் பிறருக்குக் கற்பித்தேன். எனக்கு நேர்ந்தபோது கைவிட்டேன். இளைஞன், வண்டி, விபத்து என்ற மூன்றையும் கண்டவுடன் ‘வேகம்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். வண்டியின் அடியில் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் கையெழுத்தே அங்கே ஆயில் கறையாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பியதும், எந்த ஊரார் முன் அவனைக் கடிந்தேனோ அவர்களுள் சிலர் டீக்கடை வாசலில் இருந்தபோது, தம்பி மகனை அழைத்தேன். ‘தவறு உன்னுடையது அன்று, ஆயில் ஊற்றிய என்னுடையது’ என்று சொல்லி, இந்தப் பழைய வளையத்தையும் காட்டினேன். அவன் அதனை வாங்கி விரலால் அழுத்திப் பார்த்தான். ‘ஆயில் ஊற்றச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம்தான் பெரியப்பா. பெரியவர் சொல்கிறாரே என்று ஊற்றினேன்’ என்றான். அச்சொல் விபத்தைவிட என்னை மிகுதியாக உலுக்கியது. ஐயத்தை வாய்விட்டுக் கேட்க முடியாதபடி அவனை நடத்தியவனும் நானே அன்றோ?

பெருந்தேருக்கும் சிறு அச்சாணியே ஆதாரம் என்று வள்ளுவர் நமக்குக் காட்டியிருக்கிறார். நான் அதனோடு ஒன்று சேர்ப்பேன். அச்சாணி எதுவென்று அறிதலோடு, அதற்கு எது நன்மை, எது தீமை என்று ஆராய்ந்தும் அறிதல் வேண்டும். அறிந்தவர் பட்டறையில் இருந்தால் பட்டறைக்குச் சென்று கேட்டல் வேண்டும். இளையவர் ஐயம் எழுப்பினால் முதியவர் செவிசாய்த்தல் வேண்டும்.

மறுநாள் விடியற்காலையில் வண்டி மீண்டும் சந்தைக்குப் புறப்பட்டது. தார்களை இம்முறை தாழ்வாக அடுக்கியிருந்தார்கள். நான் அவன் பக்கத்தில் அமர்ந்து சென்றேன். ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டி சற்றே சாய்ந்து, உடனே நிமிர்ந்தது. ஓசை ஏதும் எழவில்லை. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். வழியில் ஏரிப்பாக்கத்து ஆலையைப் பற்றியும், பினாங்குக்குச் சென்ற சின்னத் தாத்தாவைப் பற்றியும் அவனிடம் பேசிக்கொண்டே சென்றேன்.